சுங்கை சிப்புட்டில் ஒரு பைண்டிங் கடை: அப்பாவின் வேதாகமமும் 11 வாரமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரமாக வேலை முடிய வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கடை ஒத்துவராது. 3 வாரம் என்று சொல்லி வாங்கிக்கொண்ட அப்பாவின் வேதாகமம் 11 வாரம் கழித்துத்தான் என் கைக்கு வந்தது. அப்படியிருந்தும் 5 நட்சத்திரத்துக்கு 4 கொடுக்கிறேன். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் பழைய தமிழ் வேதாகமம் கிழிந்து கிடக்கிற குடும்பங்கள் எங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் நிறையவே இருக்கும், எங்கே கொடுப்பது என்று தெரியாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரி மேல் வைத்திருப்பார்கள், நாங்களும் பல வருடம் அப்படித்தான் வைத்திருந்தோம்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ரயில் நிலையத்தை ஒட்டிய பக்கம், பழைய கடைவீட்டு வரிசை ஒன்றின் கீழ்த்தளம். அஞ்சடியில் (கடை முன்னால் இருக்கிற நடைபாதையில்) ஒரு மர நாற்காலியும் கயிறு கட்டிய பள்ளிக்கூடப் பதிவேடுகளும் இருந்தால் அதுதான் கடை. உள்ளே போனதும் மைதாப் பசையின் வாசம் முகத்தில் அடிக்கும். பைண்டர் அண்ணன் எழுபதை நெருங்குகிறவர், நெற்றி நிறையத் திருநீறு. கோயில் கணக்குப் புத்தகம், தேவாரப் புத்தகம், சங்கங்களின் கூட்டக் குறிப்பேடு எல்லாம் அவரிடம்தான் வருகின்றன. நான் வேதாகமத்தைப் பையிலிருந்து எடுத்தபோது அவர் மேசைமேல் இருந்த கத்தரியையும் பசைக் கிண்ணத்தையும் ஒதுக்கினார், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார், ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் வைக்கச் சொன்னார். "சாமி புத்தகம்மா, வெறும் மேசையில வேணாம்." இவரிடம்தான் கொடுப்பது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன், விலை கேட்டது அப்புறம்தான்.

வேதாகமம் இருந்த நிலையைச் சொல்ல வேண்டும். அப்பா 1978இல் வாங்கியது, பழைய திருப்புதல் (பழைய மொழிபெயர்ப்பு). முதுகு பிரிந்து, ஆதியாகமத்தின் முதல் தாள்கள் தனியாக வந்து, வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசித் தாளில் பாதி காணாமல் போயிருந்தது. அதைவிட மோசம் நாங்கள் செய்த வைத்தியம். கிழிந்த இடத்திலெல்லாம் ஒட்டுநாடா. அதற்கும் மேல், சில வருடத்துக்கு முன்பு வேறொரு பட்டணத்தில் நகலெடுக்கும் கடை ஒன்றில் கொடுத்தோம். அவர்கள் சூடான பசையை முதுகில் ஊற்றி, அட்டை போட்டு, அன்று சாயங்காலமே தந்துவிட்டார்கள், 25 வெள்ளி (ரிங்கிட்). அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆறு மாதத்தில் அந்தப் பசை இறுகி, கண்ணாடி மாதிரி உடைந்து, உடையும்போது தாள்களின் மடிப்பையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. பைண்டர் அண்ணன் அந்த முதுகை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

அவர் செய்கிற முறை இது. முதலில் பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புத்தகத்தை முழுவதும் பிரித்துவிடுகிறார். நல்ல வேதாகமம் தனித்தனித் தாளாக ஒட்டியது இல்லை, பெரிய தாளை மடித்து மடித்துச் செய்த ஃபாரம்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நூலால் தைத்தது. மடிப்பு கிழிந்திருந்தால் ஊசி போக இடமில்லை. ஆகவே ஒவ்வொரு மடிப்புக்கும் மெல்லிய ஜப்பானியத் தாளைக் கிழித்து, கத்தரிக்காமல் கையால் கிழித்து (கத்தரித்தால் ஓரம் தடிப்பாக நிற்குமாம்), பசை தடவி ஒட்டி, காயவைத்து, பாரம் ஏற்றி வைக்கிறார். வேதாகமத் தாள் வெங்காயத் தோல் மாதிரி இருப்பதால் பசையில் தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் சுருங்கிவிடும். எல்லா ஃபாரமும் சரியான பிறகுதான் தையல். தைத்தபின் முதுகுக்குப் பசை, துணி, மறுபடி பசை. அப்புறம் பிரஸ். அப்புறம் அட்டை, அதற்குமேல் தோல், மறுபடி பிரஸ். பசையில் மயில்துத்தம் சேர்க்கிறார், பூச்சி வராமல் இருக்க. ஒவ்வொரு கட்டத்திலும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. நம் ஊர் ஈரத்துக்கு அது சீக்கிரம் காய்வதில்லை. முடி உலர்த்தும் இயந்திரத்தால் காயவைக்கக் கூடாதா என்று நானே கேட்டேன். ஒரு பக்கம் காய்ந்து ஒரு பக்கம் ஈரமாக இருந்தால் அட்டை வளைந்துவிடும், பிறகு எந்த பிரஸ்ஸாலும் நிமிர்த்த முடியாது என்றார்.

இவ்வளவும் இப்போது பொறுமையாக எழுதுகிறேன். அப்போது பொறுமை இருக்கவில்லை. ஆகஸ்டு 8ஆம் தேதி கொடுத்தேன், 29ஆம் தேதி வரச் சொன்னார். போனேன். வேதாகமம் பிரித்த ஃபாரம்களாக 3 அடுக்காக மேசைமேல் கிடந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும். நடுவில் எத்தனையோ தடவை போன் அடித்தேன், எடுக்கவே மாட்டார். ஒரு நட்சத்திரத்தை நான் குறைத்ததே இந்த போனுக்காகத்தான். கையில் பசையோடு போனைத் தொட மாட்டாராம், சரி, ஆனால் வேலை முடிந்து சாயங்காலம் திரும்பக் கூப்பிடலாம் இல்லையா.

நான் ஏன் இப்படி ஒரு புத்தகத்துக்காகப் பறந்தேன் என்பதைச் சொன்னால்தான் மீதி புரியும்.

என் அம்மா 1954இல், சுங்கை சிப்புட் பக்கத்துத் கித்தா (ரப்பர்) தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், பிறந்தவர். மெர்டேக்காவுக்கு (நாட்டின் சுதந்திரத்துக்கு) 3 வருடம் முன்னால். பிரசவம் பார்த்தது தோட்டத்து மருத்துவச்சி. பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை, பட்டணத்துக்குப் போனால் தாத்தாவுக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். சின்ன வயதிலேயே பால்வாளி தூக்கி, பிறகு நிரை (வெட்ட வேண்டிய மர வரிசை) எடுத்து, தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறும்வரை கித்தா மரம் வெட்டினார். இப்போது 71 வயது. கையில் இன்றும் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டைதான் (ஐசி என்போம்), குடிமக்களுக்கு நீலம். இந்த மண்ணைவிட்டு ஒரு நாள்கூட வெளியே போகாதவர் இந்த நாட்டின் குடிமகள் இல்லை. 2016இல் விண்ணப்பம் கொடுத்தோம். கேட்ட தாளையெல்லாம் கொடுத்தோம், கூப்பிட்டபோதெல்லாம் போனோம். பதில் இன்னும் வரவில்லை.

2022 நவம்பர் 19, பொதுத் தேர்தல். 18 வயதுப் பிள்ளைகள் முதல் முறையாக ஓட்டுப் போட்ட பொதுத் தேர்தல் அது. என் மகளும் போட்டாள். அம்மா எங்களோடு பள்ளிக்கூடம் வரை வந்தார், வெளியே மரத்தடியில் எங்கள் குடைகளையும் கைப்பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேத்தி மை வைத்த விரலோடு வெளியே வந்தபோது அந்த விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எத்தனை நாளைக்குப் போகாது?" என்று கேட்டார். அன்றைக்கு இரவு நான் ஜெபம் பண்ணவில்லை. முடியவில்லை.

எங்கள் சபையில் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் வேத வசனம் ஒன்று எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுப்போம், தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள், ஆளுக்கு ஒன்று. 2017 தொடங்கி 2025 வரை நான் எடுத்த 9 அட்டையும் அப்பாவின் வேதாகமத்துக்குள்தான் இருந்தன. ஒவ்வொரு வருடமும் அட்டையைத் திருப்பிப் பார்க்கும்போது என் மனதில் ஒரே கேள்வி: இது அம்மாவின் ஐசியைப் பற்றியா? எந்த வசனம் வந்தாலும் அதை வளைத்து, இந்த வருடம் கிடைத்துவிடும் என்று நானே ஒரு தேதி வைத்துக்கொள்வேன். தேவன் கொடுத்தது ஒரு வசனம், தேதி நான் எழுதிக்கொண்டது. டிசம்பர் வரும்போது அவர் வாக்கு மாறிவிட்டார் என்று எனக்கு மனம் கசக்கும். எத்தனை பேர் இப்படி அட்டையைக் காலண்டராக்கி வைத்திருக்கிறோம் என்று எனக்குத் தெரியாது, ஆனால் இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு நான் சொல்வது புரியும் என்று நினைக்கிறேன்.

நாலாவது வருடம் பொறுக்க முடியாமல் ஓர் ஏஜெண்டிடம் போனேன். "உள்ள ஆள் இருக்கு, 6 மாசத்துல நீல ஐசி" என்றார். 3,000 வெள்ளி, அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்த காசு. ஆள் போன் நம்பரை மாற்றிக்கொண்டு போய்விட்டார். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, மஞ்சள் கயிறைக் கட்டிக்கொண்டார். 1 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தில் சவுல் ராஜா கில்காலில், பலி செலுத்த வர வேண்டிய தீர்க்கதரிசி சாமுவேலுக்காகக் காத்திருந்தது எனக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. அவன் காத்திருக்கவே இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். காத்திருந்தான், சொன்ன 7 நாளும் காத்திருந்தான். ஜனங்கள் சிதறிப்போகிறார்கள், எதிரி எதிரே நிற்கிறான், சாமுவேலைக் காணோம், சரி நாமே செய்துவிடுவோம் என்று பலியைச் செலுத்துகிறான். செலுத்தி முடிக்கிறான், சாமுவேல் வந்து நிற்கிறார். அந்தக் கடைசி மணி நேரத்தை நினைத்தால் எனக்கு அவன்மேல் கோபம் வருவதில்லை, பாவமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "ஏதோ தடை இருக்கு சிஸ்டர், பாவ அறிக்கை செஞ்சீங்களா? விசுவாசம் போதலையோ?" என்று கேட்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். காத்திருக்கிறவர்களுக்கு அது காயத்தில் உப்பு. 13ஆம் சங்கீதத்தில் தாவீது "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான், அதற்காகத் தேவன் அவனைத் தள்ளிவிடவில்லை, அந்தக் கேள்வியை வேதத்தில் எழுதியே வைத்திருக்கிறார். எதுவரைக்கும் என்று அழுவது அவிசுவாசம் என்றால் சங்கீதத்தில் பாதியைக் கிழித்துப் போட வேண்டும்.

சரி, கடைக்கு வருகிறேன். ஆறாவது வாரம் போனபோது பைண்டர் அண்ணன் ஒட்டுநாடாக்களை எடுத்துக்கொண்டிருந்தார். இளஞ்சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒரு தாள் போட்டு மேலே வைத்து, நாடா இளகியதும் நுனியைப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தாளோடு ஒட்டினாற்போல் பின்பக்கமாக மடக்கி இழுக்கிறார். மேலே தூக்கி இழுத்தால் எழுத்தும் கூட வந்துவிடும். ஒரு நாடாவுக்குக் கால் மணி நேரம். என்னைப் பார்த்ததும், "ம்மா, இங்க வாங்க. இதுல பென்சில்ல என்னமோ எழுதியிருக்கு. அழிஞ்சிடப்போவுதுன்னு தொடல, நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

130ஆம் சங்கீதம் இருந்த பக்கம். ஓரத்தில் பழுப்பேறிய நாடாவுக்கு அடியில் அப்பாவின் கையெழுத்து. விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைப் பற்றிய வரிக்குப் பக்கத்தில், இரண்டே வார்த்தை: "நம்ம வேலை."

என் அப்பா தோட்டத்தில் ஜாகா. 20 வருடத்துக்கு மேல் இரவுக் காவல். அந்த நாடாவை ஒட்டியது நான்தான், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே. அங்கே நின்றுகொண்டே அழுதுவிட்டேன். பைண்டர் அண்ணன் அஞ்சடியில் இருந்த நாற்காலியை உள்ளே தூக்கிவந்து போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சின்ன வயதில் சில ராத்திரி அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே சாக்கில் படுத்துக்கொள்வேன். அதனால் ஜாகா வேலை என்னவென்று எனக்குத் தெரியும். பால் ஸ்டோர் பூட்டை இழுத்துப் பார்ப்பார். ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைக்கூட்டில் தீ அளவோடு எரிகிறதா என்று பார்ப்பார். கூடினால் தொங்குகிற ஷீட்டெல்லாம் கொப்புளம் கட்டிவிடும், அணைந்தால் பூஞ்சணம். விறகு தள்ளுவார். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உட்காருவார், மணிக்கு ஒரு தரம் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் தட்டுவார், அந்தச் சத்தம் கேட்டால் லயத்தில் இருப்பவர்களுக்கு ஜாகா முழித்திருக்கிறார் என்று நிம்மதி. விடிகாலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற கூட்டத்துக்கு) மணி அடிக்கிறதும் அவர்தான். எப்போது விடியும் என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. விடியும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது, அது வரும்வரை தீ அணையக் கூடாது என்பதுதான் அவருடைய கவலை.

"காத்திரு" என்கிற சொல்லை எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அதற்குள்ளே காவல் இருப்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் கவனித்தேன். காத்து இரு. அப்புறம் இன்னொன்று, நம் தமிழ் வேதாகமம் "கர்த்தருக்குக் காத்திரு" என்கிறது. ஐசிக்குக் காத்திரு என்று இல்லை, பதிலுக்குக் காத்திரு என்றுகூட இல்லை. கர்த்தருக்கு. 9 வருடமாக நான் ஒரு நீல அட்டைக்குக் காத்திருந்தேன், அதைக் கொண்டுவர வேண்டிய தபால்காரராக ஆண்டவரை நிறுத்தி வைத்திருந்தேன். அட்டை வராத நாளெல்லாம் எனக்கு அவர் வராத நாளாகவே இருந்தது.

அதற்கடுத்த வாரங்களில் நான் கடைக்குப் போனது விரட்டுவதற்கு இல்லை. சும்மா போய் உட்காருவேன், நூலை மெழுகில் இழுத்துக் கொடுப்பேன். ஒரு நாள் அவர், "இதைத் தமிழ்ல யாரும்மா எழுதினது?" என்று கேட்டார். எங்கள் தாத்தா தரங்கம்பாடிப் பக்கம் என்பதால் அந்தக் கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சீகன்பால்க் என்கிற ஜெர்மானிய மிஷனரி 1706இல் கப்பலில் வந்து இறங்கினார், ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுதிப் படித்தார், 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தார், பழைய ஏற்பாட்டை ரூத் புத்தகம் வரை மொழிபெயர்த்த நிலையில் 1719இல், 36 வயதில் இறந்துபோனார். "ரூத்து எங்க இருக்கு?" என்று கேட்டார். தைத்து வைத்திருந்த ஃபாரம்களில் எடுத்துக் காட்டினேன். அதற்குமேல் இருந்த அடுக்கின் உயரத்தைப் பார்த்தார். "மீதி?" பின்னால் வந்த சூல்ட்சே முடித்தார், அதற்குப் பிறகு பெப்ரீஷியஸ் என்று ஒருவர் எல்லாவற்றையும் மறுபடி மொழிபெயர்த்தார், அதற்கே பல பத்து வருடம், நம் கையில் இருக்கிற பழைய திருப்புதல் 1871இல்தான் வந்தது என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூலைக் கோத்தார்.

அந்த மாதத்தில்தான் ஒரு வேலையாக அம்மாவை கோலாகங்சாருக்குக் கூட்டிப்போனேன், அங்கே இருக்கிற பழைய கித்தா மரத்தையும் காட்டினேன். 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றில் 9 கன்று கோலாகங்சாரில் நட்டது, அதில் மிஞ்சியது இந்த மரம். நட்ட பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ 1889இலேயே பேராக்கைவிட்டுப் போய்விட்டார், அப்போதெல்லாம் துரைமார்கள் காப்பித் தோட்டம்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள், கித்தா பெரிய அளவில் எழுந்தது அதற்குப் பிறகு. அம்மா மரத்தைச் சுற்றி வந்து பட்டையைப் பார்த்தார், மரம் வெட்டினவர்கள் பார்க்கிற பார்வை. "நட்டவரு பால் பாக்கலையா?" என்று கேட்டார். கித்தாத் தோட்டங்கள் எழுந்தபோது அவர் இங்கே இல்லை என்றேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "எனக்கும் வராமயே போகலாம்டி" என்றார்.

இதைத்தான் நான் 9 வருடமாக வாயால் சொல்லப் பயந்துகொண்டிருந்தேன். காத்திருந்தால் கடைசியில் கிடைக்கும் என்றுதான் பிரசங்கத்தில் சொல்கிறார்கள், ஆபிரகாமுக்கு 75 வயதில் வாக்கு, 100 வயதில் ஈசாக்கு, பார்த்தீர்களா என்பார்கள். எபிரெயர் 11ஆம் அதிகாரத்தில் வாக்குப் பெற்றும் அதை அடையாமலே, தூரத்தில் கண்டு, விசுவாசத்தோடே மரித்தவர்கள் என்றும் எழுதியிருக்கிறதே, அதை ஏன் அதிகம் பேசுவதில்லை? எங்களைப் போன்ற வீடுகளுக்கு அந்த வசனமும் வேண்டும். நான் அம்மாவிடம், "வராமப் போனா?" என்று கேட்டேன். "போனா என்ன, இவர் இல்லாமப் போகமாட்டாரே" என்றார். இவர் என்று அம்மா சொன்னது அப்பாவையா ஆண்டவரையா என்று ஒரு கணம் எனக்கே குழம்பியது. அம்மாவுக்குக் குழப்பமில்லை.

விண்ணப்பத்தை விட்டுவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோப்பை எடுத்துக்கொண்டு போய்க் கேட்கிறோம், கேட்ட தேதியையும் யார் என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதி வைக்கிறோம், எல்லாத் தாளுக்கும் இரண்டு நகல் இருக்கிறது. அது எங்கள் புகைக்கூட்டு விறகு. காலையில் பெரட்டு மணி அடிக்கிற நேரத்துக்கு அம்மாவுக்குத் தானாக முழிப்பு வந்துவிடும், இத்தனை வருடம் கழித்தும். இப்போது அந்த நேரத்தில் இரண்டு பேரும் ஒரு சங்கீதம் வாசிக்கிறோம். சில நாள் எதையும் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன.

அக்டோபரில் மழை, பிறகு தீபாவளிக்குக் கடை ஒரு வாரம் மூடல். 24ஆம் தேதி அவரே போன் பண்ணினார், 11 வாரத்தில் முதல் தடவையாக. வேதாகமம் வெள்ளைத் தாளில் சுற்றி வைத்திருந்தது. கறுப்புத் தோல், முதுகில் 4 வரிப் புடைப்பு, பொன்னெழுத்தில் பரிசுத்த வேதாகமம். திறந்தால் தானாக விரிந்து நிற்கிறது, முன்பு ஒரு கை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காணாமல் போன பாதித் தாளுக்கு வெறும் தாள் ஒட்டி வைத்திருந்தார், அதில் வசனத்தை அம்மா தன் கையால் எழுதிக்கொண்டார். அப்பாவின் குறிப்புகள் இருந்ததால் ஓரத்தை வெட்டவேயில்லை, அதனால் விளிம்பு கொஞ்சம் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு அது பரவாயில்லை. 9 வாக்குத்தத்த அட்டையும் ஒரு உறையில், வருட வாரியாக அடுக்கி.

குறை என்றால், பொன்னெழுத்து நூல் பிடித்தாற்போல் நேராக இல்லை, வலது பக்கம் லேசாக ஏறுகிறது. குறிக்கயிறு இரண்டு கேட்டேன், ஒன்றுதான் இருந்தது, சொன்னதும் அங்கேயே இன்னொன்று வைத்துத் தந்தார். மொத்தம் 190 வெள்ளி, முன்பணம் 50. காலிகோ துணி போட்டால் இதில் பாதிக்கும் கொஞ்சம் மேல்தான் ஆகும். அட்டையில் பணம் கட்ட முடியாது, காசாகக் கொண்டுபோங்கள். ஞாயிறு கடை இல்லை, வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் சாத்தியிருக்கும், தட்டாதீர்கள், திறப்பார். கொடுப்பதற்கு முன் உள்ளே இருக்கிற தாள், போட்டோ, அட்டை எல்லாவற்றையும் எடுத்து எண்ணிக்கொள்ளுங்கள். ஒட்டுநாடாவை மட்டும் நீங்களாகப் பிய்க்காதீர்கள், அதை அவரிடமே விட்டுவிடுங்கள். ரசீது கிடையாது, நீளமான நோட்டு ஒன்றில் பெயரும் தேதியும் எழுதிக்கொள்வார், எழுதினாரா என்று பார்த்துவிட்டு வாருங்கள். அதில் நவம்பர் 4ஆம் தேதிக்கு நேராக அம்மாவின் பாமாலைப் புத்தகம் இருக்கிறது.